கரைத்தேரை பரவிய ஏரிகள்

வேலங்குப்பம் ஏரியின் நாக்கு செவ்வாய்க்கிழமை காலையில் சிவப்பாக எரிந்தது. செய்தி போனில் வந்ததும் டாக்டர் இளம்பரிதிக்கு வருத்தம் வரவில்லை. "மாட்டினியா கலியமூர்த்தி!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். அப்படிப்பட்ட மனுஷன்.

சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. ஓட்டலில் தண்ணீர் வைத்தால் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால், இவனுக்கு என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிப்பார். நல்லவேளையாக அவருக்குக் கிடைத்த வேலையும் சந்தேகப்படுகிற வேலைதான். தேரைகளை இனம் பிரிப்பது. பார்வைக்கு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு தேரைகளை நம்பாமல் அளந்து பார்க்கிறவர்களுக்கு அந்தத் துறையில் நல்ல மரியாதை உண்டு.

ஆப்பிரிக்காவில் பாதிக் கண்டத்துக்குப் பரவிய ஒரு தேரையை நூறு வருஷமாக எல்லோரும் ஒரே இனம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதி நம்பவில்லை. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் நச்சுச் சுரப்பியின் நீளம், கத்தலுக்கும் கத்தலுக்கும் நடுவே விடுகிற இடைவெளி, மரபணு என்று பன்னிரண்டு வருஷம் அளந்து, அது ஒன்றல்ல, நான்கு என்று நிரூபித்தார். அந்த நான்கில் மொசாம்பிக் கடலோர முந்திரிக் காடுகளில் வாழ்கிறதற்குக் கரைத்தேரை என்று பெயர் வைத்ததும் அவர்தான். "எங்கே போனாலும் ஊன்றிக்கொள்ளும், போன இடத்துத் தவளைகளைத் தின்று தீர்க்கும்" என்று கட்டுரையின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சர்க்கார் சட்டமே போட்டுவிட்டது.

நாக்கு என்பது ஏரிதோறும் நட்டு வைத்திருக்கிற கம்பம். ஆறு வருஷமாக இருக்கிறது. சர்க்கார் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் நாக்கு என்றார்கள். தண்ணீரில் வாழ்கிற எந்த உயிரும் தன் தோலையோ சளியையோ துளியாவது தண்ணீரில் விடாமல் இருக்க முடியாது. கம்பம் அதைச் சுவைத்துப் பார்த்து, மூன்று நாள் எடுத்துக்கொண்டு, இன்னின்ன உயிர் இங்கே இருக்கிறது என்று சென்னைக்குச் சொல்லிவிடும். எல்லாம் ஊர் உயிர் என்றால் பச்சை விளக்கு. வரக்கூடாதது வந்திருந்தால் சிவப்பு.

சிவப்பு எரிந்தால் ஏரியில் சுண்ணாம்பு கொட்டுவார்கள். மீன், நண்டு, நத்தை, தவளை, ஒன்று மிஞ்சாது. அயல் உயிரைக் கொண்டுவந்தவன் யாரோ அவன் தொழிற்சாலைக்குப் பூட்டு, அவனுக்குச் சிறை. அதற்கு வகைப்பாட்டு வல்லுநரின் கையெழுத்து ஒன்று போதும். அந்த வல்லுநர் இளம்பரிதி. பண்ருட்டிப் பக்கத்தில் ஆலஞ்சேரி, கீழ்மாவிடை என்று இரண்டு ஏரிகள் அவர் கையெழுத்தில் ஏற்கெனவே வெளுத்துப்போய்க் கிடந்தன. கொண்டுவந்தவன்தான் இன்னும் சிக்கவில்லை. வேலங்குப்பம் மூன்றாவது. வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு லாரி வரும்.

ஏரிக்கரையை ஒட்டித்தான் கலியமூர்த்தியின் முந்திரி கம்பெனி. நூற்றுப் பத்துப் பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள். உள்ளூர்க் கொட்டை மூன்று மாதத்துக்குக்கூடக் காணாது என்பதால் மீதிக் காலத்துக்கு மொசாம்பிக்கிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் வந்து இறங்கும். மூட்டைக்குள் தேரை ஒளிந்து வந்தது என்பது இளம்பரிதியின் கணக்கு. கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. மூன்று ஏரியிலும் இன்றுவரை ஒரு கரைத்தேரையைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கரையில் வைத்த ஒலிப்பதிவுப் பெட்டிகளில் ஊர்த் தேரைகளின் கத்தல்தான் இருந்தது. ஒவ்வொரு ஏரியின் அக்கரையிலிருந்தும் அவரே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். இவருக்கோ சந்தேகம் இன்னும் பலத்தது. இவ்வளவு சுத்தமாக மறைக்கிறான் என்றால் எவ்வளவு பெரிய கள்ளனாக இருப்பான்! ஜீப்பில் போகும்போதே படிவத்தைத் திறந்து, 'பரப்பியவர்' என்ற கட்டத்தில் கலியமூர்த்தியின் பெயரைத் தட்டிவிட்டார்.

கம்பெனி வாசலில் கலியமூர்த்தி கைகூப்பி நின்றார். அறுபது வயது, பெரிய உடம்பு, அன்றைக்கு முகத்தில் உயிரே இல்லை.

"ஐயா, சத்தியமா சொல்றன். ஒவ்வொரு மூட்டையும் வெயில்ல கொட்டி, கெளறிப் பாத்துட்டுதான் உள்ள ஏத்தறோம். ஒரு பல்லி கெடையாது."

"பின்னாடி அந்தத் தென்ன மட்டைய எதுக்குப் போட்டு மூடியிருக்கீங்க?" என்றார் இளம்பரிதி.

பதிலுக்குக் காத்திராமல் அவரே பின்பக்கம் போனார். மட்டையை இழுத்துப் போட்டதும் புதிதாக மூடிய மண் தெரிந்தது. தோண்டினால் ஒரு சாக்கு. சாக்கு நிறையச் செத்த தேரைகள்.

இளம்பரிதிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஜீப் டிரைவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். சாக்கைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் மாளிகைக்குப் போய், கதவைத் தாழ்போட்டு, மேசைமேல் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக அளந்தார். நாற்பத்திரண்டு தேரைகள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டும் முடிந்தன. அத்தனையும் நம் ஊர்த் தேரை. நம் வீட்டுக் குளியலறை மூலையில் வந்து உட்காருமே, அதே தேரை.

"இதுங்கள என்னாத்துக்குய்யா கொன்னீங்க?" என்று கம்பெனிக்குத் திரும்ப வந்து கேட்டார்.

"பயந்தாங்க ஐயா. ஆலஞ்சேரில நடந்தத பாத்தமே. தேரைன்னு ஒண்ணு கண்ணுல பட்டாவே ஆப்பிரிக்கா தேரைன்னு எழுதிடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் கண்ல பட்டதெல்லாம் அடிச்சிப் பொதச்சிட்டன். தூக்கமே இல்லைங்க ஐயா."

இளம்பரிதி அவர் முகத்தையே பார்த்தார். ஊர்த் தேரையைப் புதைத்துக் காட்டிவிட்டு அயல் தேரையை வேறெங்கோ புதைத்திருக்கிறான் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, கம்பெனியின் கங்காணி அஞ்சலாட்சி விருந்தினர் மாளிகைக்கே வந்துவிட்டாள். ஐம்பதை நெருங்கும் பெண். கொட்டை எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தடித்துப்போயிருந்தன. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளுங்கம்மா."

"எந்தங்கச்சிய ஆலஞ்சேரியிலதான் குடுத்திருக்கு. அங்க கம்பம் செவப்பு எரிஞ்சுதே, அதுக்கு மூணு நாளு முன்னாடி ஏரியில எறங்குனது யாரு சார்?"

"நான்தான். வருஷப் பரிசோதனை."

"கீழ்மாவிடையில?"

"பக்கத்து ஏரிக்குப் பரவியிருக்கான்னு பாக்கப் போனேன். பரவியிருந்திச்சு."

"எங்க ஏரிக்குப் போன சனிக்கெழம வந்தீங்க. செவ்வாக்கெழம செவப்பு. எங்க பொம்பளைங்க எல்லாம் என்னா பேசிக்கறாங்க தெரியுமா? இந்த ஆளுதான் பையில தேரையக் கொண்டாந்து உட்டுட்டுப் போறாருன்னு பேசிக்கறாங்க. எவனோ பெரிய கம்பெனிக்காரன் எங்கள ஒழிக்கறதுக்கு ஒங்கள அனுப்பியிருக்கான்னு எனக்கே தோணுது."

இளம்பரிதிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஊரையே சந்தேகப்படலாம், அவரை ஒருத்தி சந்தேகப்படுவதா! "என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? நான் முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். நான் எதுக்கும்மா தேரைய விடணும்?"

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது. மூணு ஏரி, மூணு தடவையும் நீங்க, மூணு தடவையும் மூணு நாளு. அது மட்டுந்தான் தெரியும்." அவள் குரல் ஏறவே இல்லை. "மடியில கனமில்லன்னா வாங்க. அன்னிக்கி ஏரியில என்னா செஞ்சீங்களோ அத்த எங்கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க. அப்பறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டன்."

வீம்புக்குத்தான் கிளம்பினார். ஜீப்பின் பின்னாலிருந்து கேன்வாஸ் பையை எடுத்தார். அதில் அவருடைய கைவலை இருந்தது. நீளக் காம்பு, நெருக்கமான பின்னல், பதினைந்து வருஷமாக அவரோடு ஊர் ஊராகப் போன வலை. ஏரிப்படியில், நாக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வலையைத் தண்ணீருக்குக் கொண்டுபோனார்.

"நில்லுங்க! என்னா பண்றீங்க?"

"வலைய அலசறேன். மூணு தடவ. எந்த ஏரிக்குப் போனாலும் அந்த ஏரித் தண்ணியிலயே மொதல்ல மூணு தடவ அலசணும். அதான் முறை. அப்பத்தான் முந்தி போன ஏரியோட அழுக்கு இந்தப் பாட்டில்ல கலக்காது. அப்பறம் அக்கரைக்குப் போயி வல போடுவேன், பாட்டில்ல பிடிப்பேன்."

"சரி. அலசுன அழுக்கு எங்க போவும்?"

"எங்க போவும்? தண்ணியில..."

அஞ்சலாட்சி தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கொட்ட ஒடைக்கற கை சார் இது. இந்த எண்ண பட்டா தோலு வெந்துடும். சாம்பலப் பூசிக்கிட்டுதான் ஒடைப்போம். ஒடச்சி முடிச்சிட்டுப் பருப்புப் பக்கம் போவணும்னா கைய சுத்தமா கழுவணும். ஆனா கழுவுன தண்ணிய பருப்பு அண்டாவுலயே ஊத்துவமா? அதுக்குன்னு கொல்லையில தனியா குழி வச்சிருக்கோம். ஒங்க படிப்புல குழி கெடையாதா?"

இளம்பரிதி வலையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அலசுகிற முறை நாக்குகள் வருவதற்கு முந்தியது. அந்தக் காலத்தில் ஏரியை யாரும் சுவைத்துப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார்கள். பாட்டில் சுத்தமாக இருந்தால் போதும். அழுக்கு ஏரிக்குப் போனால் யாருக்கு என்ன? நாக்கு வந்த பிறகும் அவர் கை பழைய முறையையே செய்துகொண்டிருந்தது. அதுவும் எங்கே? படிக்கட்டு இருக்கிறதே என்று நாக்குக்கு அடியிலேயே.

"கடைசியா இந்த வலைய வெளியூர்ல எங்க நனச்சீங்க?" என்றாள் அவள்.

அவர் வலையின் பின்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பங்குனியில. மொசாம்பிக்ல. கரைத்தேரை முட்ட போடற குட்டையில." பிறகு அவசரமாக, "காஞ்சு போயிருக்கும்மா! வெயில்ல நாலு மாசம்..." என்றார்.

"காஞ்சா போயிடுமா?"

போகாது. முட்டையைச் சுற்றியிருக்கும் கூழ் வலையின் முடிச்சுகளில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். நாக்குக்கு அதில் ஒரு பொடி போதும். இதை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்.

ஜீப்பில் கையடக்க நாக்கு ஒன்று இருந்தது. கொஞ்சத் தண்ணீர் என்றால் அது ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும். கம்பெனி முற்றத்தில் ஒரு அண்டாவில் வலையை அலசிப் பார்த்துவிடலாம் என்றார். அஞ்சலாட்சி அவரை அண்டாவைத் தொடவிடவில்லை. தானே தேய்த்தாள், தானே போர்த் தண்ணீர் பிடித்தாள், நாக்கை எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டுத் தானே வைத்தாள். நூற்றுப் பத்துப் பெண்களும் உடைக்கிற கட்டைகளை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பச்சை எரிந்தது. வெறும் தண்ணீர்.

"இப்ப அலசுங்க," என்றாள்.

மூன்று தடவை அலசினார். அவள் நாக்கை மறுபடி வைத்தாள். காத்திருந்த நேரத்தில் இளம்பரிதி வாழ்க்கையில் முதல்முறையாக, தான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பச்சை எரியட்டும், கலியமூர்த்தி கள்ளனாகவே இருக்கட்டும், நான் யோக்கியனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்பத்தேழாவது நிமிஷத்தில் சிவப்பு எரிந்தது. சின்னத் திரையில் இனத்தின் பெயரும் வந்தது. அவர் வைத்த பெயர்.

யாரும் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. கலியமூர்த்தி மட்டும் ஒரு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்து, "நாப்பத்திரெண்டு உசுர அடிச்சிக் கொன்னனே, பாவி," என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருத்தி, "அப்ப ஆலஞ்சேரி?" என்று கேட்டாள்.

இளம்பரிதி புளியமரத்துப் பக்கம் ஒதுங்கிச் சென்னைக்குப் போன் போட்டார். அவர் துறையின் டைரக்டர் மங்களேஸ்வரி எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"முந்திரி ஒடைக்கறவங்க சொன்னா யாரு நம்பப்போறா? யோசிச்சுப் பாருங்க இளம்பரிதி. ரெண்டு ஏரி முடிஞ்ச கதை. நாளைக்கு இது வெளிய வந்தா, உங்க பேரு மட்டும் போகாது. மாநிலம் பூரா நாக்கு சொன்னத ஒருத்தனும் நம்ப மாட்டான். நெஜமாவே ஒரு நாள் அயல் உயிர் வந்தா யாரு தடுப்பா? ஒரே ஒரு ஏரி. கையெழுத்தப் போடுங்க. வலைய எரிச்சிடுங்க. அடுத்த வருஷம் ஓய்வு, மரியாதையா போயிடலாம்."

அதில் பாதி நியாயமும் இருந்தது. அதுதான் அவரை வதைத்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம், ஏன், பல கணம் நினைத்தார். மரத்தடியில் நின்றபடி வலையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். ஒரு நாரை கரையோரம் நின்று எதையோ கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. ஆலஞ்சேரியில் சுண்ணாம்பு கொட்டிய மறுநாள் நாரைகள் வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதை அவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அஞ்சலாட்சி முற்றத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "மேடம் என்னா சொன்னாங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு வலைய எரிச்சிடச் சொன்னாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான் பாத்தன்," என்றாள். "போயி எழுதி அனுப்பறன்னு கெளம்பாதீங்க சார். ஜீப்புல ஏறுனா மனசு மாறிடும். இங்கியே ஒக்காந்து எழுதுங்க. எழுதுனத சத்தமா படிங்க. எங்க முன்னாடியே அனுப்புங்க."

ஸ்டூல் ஒன்றைப் போட்டார்கள். வலையைப் பைக்குள் சுருட்டி வைத்து, பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்து, கலியமூர்த்தியையும் அஞ்சலாட்சியையும் சாட்சியாக எழுதிக்கொண்டார். பிறகு படிவத்தைத் திறந்தார். இனம்: கரைத்தேரை. வகைப்படுத்தியவர்: இளம்பரிதி. அந்த இரண்டு வரியும் முன்பே இருந்தன. அடுத்த வரியில் 'பண்ருட்டி வட்டம், மூன்று ஏரிகள்' என்று இருந்ததை அழித்துவிட்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"பரவல்: மொசாம்பிக் கடலோரம், தான்சானியாவின் தெற்கு. இந்தியாவில் எந்த ஏரியிலும் இல்லை. ஒரு வலையில் மட்டும் இருந்தது."

'பரப்பியவர்' என்ற கட்டத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் அவரே தட்டிய பெயர் இருந்தது. அதை அவர்கள் முன்னால் அழிக்க வெட்கமாக இருந்தது. அழித்தார். தன் பெயரை எழுதி, அதையும் படித்தார். கடைசியில், ஆலஞ்சேரி, கீழ்மாவிடை இரண்டு ஏரிகளும் தவறாக அழிக்கப்பட்டவை என்று ஒரு வரி சேர்த்தார். அனுப்பும் பட்டனை அழுத்தும்போது அஞ்சலாட்சி தோளுக்குமேல் எட்டிப்பார்த்தாள். போய்ச் சேர்ந்ததா என்று திரையில் வந்ததைப் பக்கத்துப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னாள்.

"சேந்திடுச்சுக்கா," என்றாள் அந்தப் பெண்.

மாலை நான்கு மணிக்குச் சுண்ணாம்பு லாரி வராது என்று தாலுகா அலுவலகத்திலிருந்து கலியமூர்த்திக்குச் செய்தி வந்தது. ஐந்து மணிக்கு இளம்பரிதியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாக அவருக்குச் செய்தி வந்தது. பெண்கள் மறுபடி கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

டீயை எடுக்கப் போனபோதுதான் கையைப் பார்த்தார். வலையைச் சுருட்டிய பிசுக்கு இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுக் குடிக்கலாம் என்று எழுந்தார். முப்பது வருஷப் பழக்கம். கால் தானாக ஏரிப்படியைப் பார்த்து நடந்தது. இரண்டு படி இறங்கிக் குனிந்தார்.

"சார்!"

நூற்றுப் பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் அப்படியே நின்றுவிட்டார். அஞ்சலாட்சி எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சாம்பல் பூசிய கையால் கம்பெனிக்குப் பின்னால் இருந்த குழியைக் காட்டினாள்.

இளம்பரிதி இரண்டு கைகளையும் எதன்மேலும் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குழியை நோக்கி நடந்தார்.